சபை, வீடு, படிப்பு: சேலத்திலும் ஏற்காட்டிலும் ஊழியம் செய்யும் போதகர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

போதகர் மேற்படிப்புக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறார் என்று தெரிந்ததும் சபையில் முதலில் எழும் கேள்வி, "அப்போ விசிட்டிங்குக்கு யாரு வருவாங்க?" என்பதுதான். வீட்டிலும் ஒரு கேள்வி எழும். ஆனால் அதை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. நீங்கள் இல்லாத சாப்பாட்டு மேசையில் அது தானாகக் கேட்கப்படும்.

இந்த மூன்றையும் சமாளிக்க எல்லோரும் முதலில் செய்வது ஒரு நாளைப் பங்கு போடுவது. இத்தனை மணி நேரம் ஜெபம், இத்தனை மணி நேரம் படிப்பு, மாலை பிள்ளைகளோடு என்று அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டுவோம். அடுத்த நாளே அடக்க ஆராதனை வந்துவிடும். சாவு நம் அட்டவணையைப் பார்த்து வருவதில்லை. அதனால் நாள் கணக்கை விட்டுவிடுங்கள். ஒரு வாரத்துக்குள்கூட இது சமன்படாது. வருடத்தை முழுதாக விரித்துப் பார்த்தால்தான் இடம் தெரியும். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு எண்ணத்தின் மேல்தான் நிற்கிறது.

முதல் படி: ஜூனில் ஒரே தாளில் மூன்று நாட்காட்டி

ஒரு சார்ட் பேப்பர் வாங்குங்கள். பன்னிரண்டு மாதத்துக்கும் கட்டம் போடுங்கள். ஜூனில் தொடங்குவது நல்லது. பள்ளி திறக்கும் மாதம் அது. வேறு சபைக்கு மாற்றல் வந்திருந்தாலும் அதற்குள் பெட்டி பிரித்திருப்பீர்கள்.

சபை நாட்காட்டியை ஒரு நிறத்தில் எழுதுங்கள். அட்வெந்து (கிறிஸ்துமஸுக்கு முந்தின நான்கு ஞாயிறுகள்), கீத பவனி (வீடு வீடாகப் பாடிப் போவது), கிறிஸ்துமஸ், டிசம்பர் 31 இரவு ஆராதனை, லெந்து (சாம்பல் புதனில் தொடங்கி ஈஸ்டர் வரை போகும் தவக்காலம்), குருத்தோலை ஞாயிறு, பெரிய வெள்ளியின் மூன்று மணி நேர ஆராதனை, ஈஸ்டர், மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளி, திடப்படுத்தல் வகுப்பு, அறுப்பின் பண்டிகை. இரண்டாவது நிறத்தில் பிள்ளைகளின் பள்ளி: செப்டம்பரில் காலாண்டு, டிசம்பரில் அரையாண்டு, மார்ச்சில் பொதுத்தேர்வு. மூன்றாவது நிறத்தில் உங்கள் படிப்பு: கட்டுரை ஒப்படைக்கும் நாள், தேர்வு வாரம், கல்லூரிக்கு நேரில் போக வேண்டிய நாட்கள்.

எழுதி முடித்துவிட்டு டிசம்பர் கட்டத்தைப் பாருங்கள். மூன்று நிறமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். பையனுக்கு அரையாண்டு கணக்குப் பரீட்சை, அன்று இரவு அம்மாப்பேட்டைப் பக்கம் கீத பவனி, அதே வாரத்தில் உங்கள் கட்டுரைக்குக் கடைசி நாள். வருடா வருடம் டிசம்பரில்தான் வீட்டில் சத்தம் கேட்கிறது என்றால் காரணம் உங்கள் சோம்பலும் இல்லை, மனைவியின் பொறுமையின்மையும் இல்லை. அந்தக் கட்டம் அப்படி அமைந்திருக்கிறது.

மார்ச் அடுத்த சிக்கல். ஈஸ்டர் மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் இடையில் எந்த ஞாயிறும் வரலாம். 2025-ல் ஏப்ரல் 20-ல் வந்தது. 2027-ல் மார்ச் 28. பொதுத்தேர்வு எழுதும் பிள்ளை வீட்டில் இருந்தால் இந்த வித்தியாசம் சின்ன விஷயம் இல்லை. சீக்கிரம் வரும் ஈஸ்டர் என்றால் பரிசுத்த வாரமும் தேர்வும் ஒன்றாக வந்து நிற்கும். அந்த வருடம் நீங்கள் புதிதாக எந்தப் படிப்பிலும் சேர வேண்டாம்.

ஏற்காட்டில் ஊழியம் செய்கிறவர்கள் நான்காவது நிறம் ஒன்று சேர்த்துக்கொள்ள வேண்டும்: காப்பி. சேர்வராயன் மலையில் நவம்பரிலிருந்து ஜனவரி, பிப்ரவரி வரை பழம் பறிப்பு. எஸ்டேட் குடும்பங்கள் அந்த மாதங்களில் கூடுதலாக வேலைக்குப் போவார்கள். வீட்டு ஜெபத்துக்கு ஆள் கிடைக்க மாட்டார்கள்; கிடைத்தாலும் கண் சொக்கும். அப்போது ஜெபக்கூட்டத்தைக் குறைப்பதில் குற்றம் எதுவும் இல்லை. மழையையும் கணக்கில் வையுங்கள். 2024-ல் அட்வெந்து முதல் ஞாயிறு டிசம்பர் 1. ஃபெஞ்சல் புயல் மழை அதே நேரத்தில் கொட்டி, மலைப்பாதையில் மண் சரிந்தது. கீழே போய் எழுத வேண்டிய தேர்வை டிசம்பர் முதல் வாரத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று நான் சொல்வதற்கு அதுபோன்ற வருடங்கள்தான் காரணம்.

இப்போது வெள்ளையாக இருக்கும் கட்டங்களைத் தேடுங்கள். பெரும்பாலும் ஜூன் பாதியிலிருந்து ஆகஸ்ட் வரை கொஞ்சம் மூச்சு விடலாம். அக்டோபரில் காலாண்டு விடுமுறையை ஒட்டிச் சில நாள். ஜனவரி பொங்கலுக்கு அப்புறம் சாம்பல் புதன் வரை ஒரு இடைவெளி. கனமான படிப்பு இங்கேதான் நடக்க வேண்டும். மீதி மாதங்களில் வாசிப்பு மட்டும்.

இரண்டாம் படி: எந்தப் படிப்பு என்பதை முதலில் தீர்மானியுங்கள்

பல போதகர்கள் பட்டத்தின் பெயரைத்தான் பார்க்கிறார்கள். நான் பார்க்கச் சொல்வது எத்தனை இரவு வீட்டில் இருக்க மாட்டீர்கள் என்பதை.

வங்காளத்தில் உள்ள செராம்பூர் கல்லூரியை 1818-ல் கேரி, மார்ஷ்மன், வார்டு என்ற மிஷனரிகள் மூவரும் தொடங்கினார்கள். அந்த ஊர் அப்போது டென்மார்க்கின் ஆளுகையில் இருந்ததால் 1827-ல் டேனிஷ் அரசரிடமிருந்து பட்டம் வழங்கும் உரிமைச் சாசனம் கிடைத்தது. (அதே 1827-ல்தான் லண்டன் மிஷன் சேலத்தில் ஊழியத்தைத் தொடங்கியது.) இன்று நம் பக்கத்து இறையியல் கல்லூரிகளில் பல, செராம்பூரின் செனட்டோடு, அதாவது இறையியல் பட்டம் வழங்கும் அதன் ஆட்சிக்குழுவோடு, இணைந்தவை. மதுரை அரசரடியில் 1969-ல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரி, பெங்களூரில் 1910-ல் தொடங்கிய ஐக்கிய இறையியல் கல்லூரி, சென்னையில் குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரி மூன்றும் அப்படித்தான். சேலத்திலிருந்து மதுரையும் பெங்களூரும் பஸ்ஸில் நாலைந்து மணி நேரம். சென்னை அதைவிடத் தூரம். தமிழில் எழுதிப் படிக்க வேண்டும் என்றால் மதுரையை முதலில் விசாரியுங்கள்.

தங்கிப் படிக்கும் முதுகலைப் படிப்பு என்றால் சபையை விட்டு விடுப்பில் போக வேண்டும். அது தனிக் கதை. அதற்கு மறைமாவட்டத்தின் அனுமதியும் குடும்பம் எங்கே இருப்பது என்ற முடிவும் முன்கூட்டியே வேண்டும். சபையில் இருந்துகொண்டே படிக்கிறவர்களுக்கு அஞ்சல்வழி அல்லது விரிவாக்கப் படிப்புகள் பொருந்தும். செனட்டின் விரிவாக்கப் பிரிவு அப்படிப்பட்ட பட்டயங்களும் பட்டங்களும் நடத்துகிறது. இறையியல் மட்டும்தான் படிக்க வேண்டும் என்பதும் இல்லை. ஆற்றுப்படுத்துதலில் (கவுன்சிலிங்) ஆர்வம் உள்ளவர்கள் உளவியல் படிக்கலாம். கருப்பூரில் பெரியார் பல்கலைக்கழகம் பக்கத்திலேயே இருக்கிறது. விதிமுறைகள் அவ்வப்போது மாறும் என்பதால் பணம் கட்டுமுன் அந்தந்த அலுவலகத்தில் நேரடியாகக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

கட்டணம் கட்டும் மாதத்தையும் பாருங்கள். ஜூனில் பள்ளிக் கட்டணமும் உங்கள் கட்டணமும் சேர்ந்து வந்தால், புத்தகம் வாங்கும் காசு வீட்டு மளிகையிலிருந்துதான் போகும்.

மூன்றாம் படி: கமிட்டிக்கு முன்னால் மனைவியிடம்

யாத்திராகமம் 18-ஐப் பொறுப்புகளைப் பகிர்ந்து கொடுப்பதற்காக எல்லோரும் பிரசங்கிக்கிறோம். காலை முதல் மாலை வரை ஜனங்களுக்கு நியாயம் தீர்த்துக்கொண்டிருந்த மோசேயிடம், இப்படிச் செய்தால் நீரும் தளர்ந்துபோவீர், ஜனமும் தளர்ந்துபோகும் என்று மாமனார் எத்திரோ சொல்கிறார். அந்த அதிகாரத்தின் தொடக்கத்தை மட்டும் வேகமாகத் தாண்டிவிடுகிறோம். எத்திரோ வெறுங்கையோடு வரவில்லை. மோசே முன்னமே திருப்பி அனுப்பியிருந்த மனைவி சிப்போராளையும், கெர்சோம், எலியேசர் என்ற இரண்டு மகன்களையும் கூட்டிக்கொண்டு வருகிறார். குடும்பத்தைக் கொண்டுவந்து சேர்த்த அடுத்த நாள்தான் நிர்வாகத்தைப் பற்றிப் பேசுகிறார். எனக்கு அந்த வரிசை பிடித்திருக்கிறது.

நம் ஊரில் பாஸ்டரம்மாவுக்குச் சம்பளம் இல்லாத வேலை நிறைய. பெண்கள் ஐக்கியம், ஞாயிறு பள்ளி, திடீரென்று வரும் விருந்தாளிக்குக் காபி, சபையாரின் கல்யாணத்தில் முதல் ஆளாக நிற்பது. பலர் இதோடு பள்ளியில் ஆசிரியராகவும் இருக்கிறார்கள். நீங்கள் படிக்கப் போகும்போது உங்கள் வேலையில் ஒரு பகுதி சத்தமில்லாமல் அவர் தலையில் இறங்கும். அதனால் "நான் படிக்கட்டுமா?" என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் "படிங்க" என்றுதான் பதில் வரும். அந்தச் சார்ட்டை விரித்து வைத்து, "இந்த மாசங்கள்ல உனக்கு எது கூடுதலா வரும்? எதை நிறுத்தலாம்?" என்று கேளுங்கள். நிறுத்தலாம் என்று அவர் கைகாட்டுவதில் ஒன்றையாவது உண்மையிலேயே நிறுத்துங்கள். பெண்கள் ஐக்கியத் தலைமையை அந்த ஒரு வருடம் வேறொரு அக்கா எடுத்துக்கொள்ளட்டும்.

அவருக்கும் படிக்க ஆசை இருக்கிறதா என்று கேட்பதும் இந்தப் படியில்தான். இருந்தால் ஒருவர் முடித்து அடுத்தவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். யார் முதலில் என்பதை ஊழியம் தீர்மானிக்க வேண்டாம்.

நான்காம் படி: கமிட்டியில் எப்படிப் பேசுவது

ஒளித்துப் படிக்காதீர்கள். ஊரில் எதுவும் ஒளியாது. சபையை நிர்வகிக்கும் பாஸ்டரேட் கமிட்டியின் கூட்டத்துக்கு முன் செயலரையும் மூத்த உறுப்பினர் ஒருவரையும் தனியாகப் பாருங்கள். பேச்சு இப்படிப் போகலாம்:

"ஐயா, ஜூன்லருந்து ஒரு படிப்புல சேரலாம்னு இருக்கேன். புதன்கிழமை காலைல நான் வெளிய வரமாட்டேன். அவசரம்னா வருவேன்."

"அவசரம்னா எதுங்க பாஸ்டர்?"

"யாராவது இறந்துட்டா, ஆஸ்பத்திரில சேர்த்துட்டா, வீட்டுல சண்டை முத்திப்போச்சுன்னா. வீடு பிரதிஷ்டை, பொறந்தநாள் ஜெபம் இதெல்லாம் வேற நாள்ல வச்சுக்கலாங்கய்யா."

"சரிங்க. ஆனா அதை நீங்களே ஞாயித்துக்கிழமை அறிவிப்புல சொல்லிடுங்க. நாங்க சொன்னா வேற மாதிரி ஆயிடும்."

செயலர் சொல்வது சரி. அறிவிப்பு உங்கள் வாயிலிருந்து வர வேண்டும். எது அவசரம் என்ற பட்டியலும் அதோடு வர வேண்டும். பட்டியல் இல்லாமல் "புதன் வரமாட்டேன்" என்று மட்டும் சொன்னால் புண்படுவார்கள். படிப்பு நாளோடு வீட்டு நாளையும் அதே அறிவிப்பில் சொல்லிவிடுங்கள். பெரும்பாலான போதகர்களுக்கு அது திங்கள்தான். பிள்ளைகள் பள்ளிக்குப் போய்விடுகிற நாள் அது என்பதுதான் சங்கடம். அதனால் திங்கள் பகலை மனைவிக்கும், வாரத்தில் வேறொரு மாலையைப் பிள்ளைகளுக்கும் ஒதுக்குங்கள். பெரிய திட்டம் வேண்டாம். தெருமுனை வண்டியில் ஆளுக்கு ஒரு தட்டுவடை செட் வாங்கிக்கொண்டு, பீட்ரூட் சிந்தாமல் நின்று சாப்பிட்டுவிட்டு நடந்து திரும்பினால் போதும். அந்த நேரத்தில் சபை உறுப்பினர் எதிரில் வருவார், நிச்சயம் வருவார். வணக்கம் சொல்லிவிட்டு நடையைத் தொடருங்கள்.

ஐந்தாம் படி: படிக்கும் நேரத்தை ஊரே சொல்லும்

சேலத்தில் இருந்தால் விடியற்காலைதான். ஏப்ரல், மே வெயிலில் பிற்பகல் புத்தகத்தைத் திறந்தால் தலைதான் சாயும். மாலையில் ஜெபக்கூட்டம். இரவில் போன். நாலரை மணியிலிருந்து பிள்ளைகள் எழும்வரை கிடைப்பதுதான் உங்கள் சொத்து.

ஏற்காட்டில் நேர் எதிர். ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் உயரத்தில் டிசம்பர் விடியற்காலை எழுந்து உட்காருவது தவம். ஆனால் அங்கே மாலை சீக்கிரம் முடிந்துவிடும். இருட்டினால் எஸ்டேட் பாதையில் காட்டெருமை நிற்கும், பனி இறங்கும். யாரும் உங்களை எதிர்பார்க்கவும் மாட்டார்கள். சந்திப்புகளைப் பிற்பகலோடு முடித்துக்கொண்டால் இரவு ஏழு மணிக்கு மேல் நீண்ட நேரம் கிடைக்கும். பிள்ளைகளும் அதே மேசையில் வீட்டுப்பாடம் எழுதட்டும். அப்பா படிப்பதைப் பார்த்துப் பிள்ளைகள் படிப்பார்கள் என்பதையெல்லாம் நான் உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஒரே விளக்கில் வேலை முடிகிறது, அவ்வளவுதான்.

மழையில் கரண்ட் போகும், சிக்னலும் போகும். தேவையான பக்கங்களை முன்கூட்டியே இறக்கி அச்செடுத்து வையுங்கள்.

மலையிலிருந்து கீழே இறங்குவதற்கும் ஒரு ஒழுங்கு வேண்டும். முப்பது கிலோமீட்டர், இருபது கொண்டை ஊசி வளைவு. இறங்கி ஏறினால் அன்றைய தெம்பு தீர்ந்துவிடும். பெரிய சிகிச்சை என்றால் சபையார் சேலம் அரசு மருத்துவமனையில்தான் இருப்பார்கள். ஆஸ்பத்திரி சந்திப்பு, வங்கி, ஜெராக்ஸ், நூலகம் எல்லாவற்றையும் ஒரே இறக்கத்தில் கட்டுங்கள். சுற்றுலாக் கூட்டம் ஏறும் சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களைத் தவிருங்கள்.

ஆறாம் படி: பிரசங்கத்தையும் படிப்பையும் ஒரே நுகத்தில் பூட்டுங்கள்

நேரத்தை மிச்சப்படுத்தும் ஒரே பெரிய வழி இதுதான். மற்றதெல்லாம் அரை மணி, கால் மணி மிச்சம்.

தென்னிந்தியத் திருச்சபையில் ஒவ்வொரு ஞாயிறுக்கும் தலைப்பும் வேதபாடங்களும் முன்கூட்டியே கொடுக்கப்பட்டிருக்கின்றன. வருடத் தொடக்கத்திலேயே அதை எடுத்து உங்கள் பாடத்திட்டத்தின் பக்கத்தில் வையுங்கள். பழைய ஏற்பாட்டுத் தாளில் ஆமோஸ் இருக்கிறது, நீதியைப் பற்றிய ஞாயிறு ஆகஸ்டில் வருகிறது என்றால், கட்டுரையையும் ஆகஸ்டுக்கு இழுத்துக்கொள்ளுங்கள்.

ஆமோஸ் 8-ஐயே எடுத்துக்கொள்வோம். ஓய்வுநாள் எப்போது முடியும், கடையைத் திறக்கலாம் என்று காத்திருக்கும் வியாபாரிகள், மரக்காலைக் குறைத்து, எடையைக் கூட்டி, கள்ளத் தராசால் ஏழையை ஏமாற்றுகிறார்கள். செவ்வாய் காலை உரைநூலில் கிறிஸ்துவுக்கு முன் எட்டாம் நூற்றாண்டு இஸ்ரவேலின் செழிப்பைப் பற்றிக் குறிப்பெடுக்கிறீர்கள். வியாழன் மாலை செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் கூலிக்கு வேலை செய்யும் ஒரு சபை உறுப்பினர் வீட்டுக்குப் போகிறீர்கள். அவரிடம் கேளுங்கள்: வெள்ளியை எடை போட்டு வாங்குகிறீர்களே, கொலுசாகத் திருப்பிக் கொடுக்கும்போது சேதாரம் எப்படிக் கணக்காகிறது, தராசு யாருடையது, கணக்கில் வித்தியாசம் வந்தால் யார் தலையில் விழும்? அவர் சொல்வதை வீடு திரும்பியதும் எழுதி வையுங்கள். கட்டுரையில் ஒரு பத்தி அதிலிருந்து கிடைக்கும். பிரசங்கத்துக்கும் உயிர் வரும். அவர் பெயரும் தெருவும் மட்டும் பிரசங்க மேடைக்கு வரக் கூடாது. சந்திப்பும் நடந்தாயிற்று. மூன்று வேலைக்கு ஒரு மாலைதான் போயிருக்கிறது.

ஆய்வேடு எழுதும் நிலைக்கு வந்தவர்களும் தலைப்பை இந்தக் கண்ணோடு தேர்ந்தெடுக்கலாம். மலைத் தொழிலாளர் குடும்பங்களின் இடம்பெயர்வு, கைத்தறிக் குடும்பங்களில் கடன், சபைப் பதிவேடுகளில் இருக்கும் ஞானஸ்நானப் பெயர்கள் என்று கைக்கெட்டும் தூரத்திலேயே பொருள் கிடக்கிறது. பதிவேடுகளை எடுப்பதற்கு எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

சனிக்கிழமை படிப்பு வேண்டாம். சனி மாலை பிரசங்கக் குறிப்பை ஒரு முறை பார்த்துவிட்டு மூடிவிடுங்கள்.

ஏழாம் படி: போன்

இரவு ஒன்பதுக்கு மேல் வரும் அழைப்பை எடுக்காமல் விடச் சொல்லும் ஆலோசனைகள் நமக்கு உதவாது. எடுத்தாக வேண்டும். எடுத்தவுடன், "யாருக்காவது உடம்பு முடியலையா அம்மா?" என்று கேளுங்கள். இல்லை என்றால், "நாளைக் காலைல ஏழு மணிக்கு நானே கூப்பிடுறேன்" என்று சொல்லி, சொன்னபடி ஏழுக்குக் கூப்பிடுங்கள். ஒரு மாதம் தவறாமல் செய்தால் சபை பழகிக்கொள்ளும். சபை வாட்ஸ்அப் குழுவை உபதேசியாரோ இளைஞர் ஐக்கியச் செயலரோ பார்த்துக்கொள்ளட்டும்.

எட்டாம் படி: பிரசங்க மேடையைக் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள்

உங்கள் தேர்வு மாதத்தில் ஒரு ஞாயிறாவது வேறொருவர் பிரசங்கிக்கட்டும். இதற்கு ஆள் திடீரென்று கிடைக்காது. ஆகஸ்டிலேயே இரண்டு மூன்று பேரைப் பிடித்து, பாடத்தைக் கொடுத்து, அவர்கள் எழுதியதை உட்கார்ந்து கேட்டுத் திருத்த வேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இதற்கு மிகவும் பொருத்தம். நேரம் தாண்டுவார்கள் என்பது ஒன்றே குறை. டிசம்பர் கீத பவனியில் எல்லாப் பகுதிக்கும் போதகர் வர வேண்டும் என்ற பழக்கத்தையும் இப்படித்தான் மெல்லக் குறைக்க முடியும். பகுதிக்கு ஒரு மூப்பரை ஜெபிக்கப் பழக்குங்கள். உங்கள் பிள்ளையின் பரீட்சைக்கு முந்தின இரவு வீட்டில் இருங்கள்.

தனிச் சபை நடத்துகிறவர்களுக்கு

எந்தத் திருச்சபை அமைப்பிலும் சேராமல் தனியாகச் சபை நடத்துகிறீர்கள் என்றால், மேலே சொன்னதில் பாதி உங்களுக்குப் பொருந்தாது. மாதச் சம்பளம் இல்லை, மாற்றல் இல்லை, விடுப்பு கொடுக்க ஆள் இல்லை. சிலர் பகலில் வேறு வேலையும் பார்க்கிறீர்கள். மாடியில் ஆராதனை, கீழே குடித்தனம் என்றால் வீட்டுக்கும் சபைக்கும் நடுவில் ஒரு படிக்கட்டுதான் இருக்கிறது. உங்களுக்கு மூன்றையே சொல்வேன். கீழ்வீட்டில் சபையார் வந்து உட்காராத ஒரு அறை இருக்கட்டும். பட்டப் படிப்புக்குப் பதில் வருடத்துக்கு ஒரு தாள் என்று போகும் படிப்பைப் பாருங்கள். பக்கத்து ஊர்ப் போதகர் ஒருவரோடு ஞாயிறு மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு செய்யுங்கள். ஓமலூர்க்காரர் சேலத்துக்கு, நீங்கள் ஓமலூருக்கு. தயாரித்த பிரசங்கம் இரண்டு இடத்துக்கு உதவும், மிச்சமாகும் தயாரிப்பு நேரம் புத்தகத்துக்குப் போகும்.

கடைசிப் படி: வருடத்தில் ஒரு தனி வாரம்

சேலத்தில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு கொடுப்பினை. மேலே ஏற்காட்டில் தியான இல்லங்களும் துறவற சபைகளின் இல்லங்களும் இருக்கின்றன. முன்கூட்டிக் கேட்டால் சிலவற்றில் மற்ற சபைப் போதகர்களுக்கும் அறை கிடைக்கும். கட்டுரையை முடிக்க, ஆய்வேட்டில் ஒரு அதிகாரத்தை உருட்டி எழுத, திங்கள் ஏறி வெள்ளி இறங்கினால் போதும். ஜூன் கடைசி அல்லது ஜூலை நல்லது. மே மாதம் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் நடக்கும்; அறை கிடைப்பது கஷ்டம், மலைப்பாதையிலும் நெரிசல்.

இந்த வாரத்துக்குத் தனியாகப் போங்கள். "பிள்ளைகளும் வரட்டுமே, லேக்குல படகு விடலாம்" என்று தோன்றும். அதை வேறொரு நாளுக்கு வையுங்கள். அந்த நாளில் பையில் புத்தகம் எடுத்துப் போகாதீர்கள். புறப்படுமுன் அவசர அழைப்புக்கு யார் போவார் என்று செயலரிடம் பெயர் சொல்லி எழுதிக் கொடுங்கள். அடக்க ஆராதனை என்றால் பக்கத்துச் சபை ஆயர் பார்த்துக்கொள்வார் என்று அவரிடமும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். அவர் படிக்கப் போகும் வாரத்தில் நீங்கள் அவருக்காக நிற்க வேண்டியிருக்கும். அதையும் சார்ட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.